கரும்பில் பிறந்த பிளாஸ்டிக் கடலில் கரையுமா?

தாவரத்திலிருந்து பிளாஸ்டிக் செய்ய முடியுமா என்று இன்று யாரும் கேட்பதில்லை. 1862இல் லண்டன் கண்காட்சியில் அலெக்சாண்டர் பார்க்ஸ் வைத்த பார்க்சைன் செல்லுலோஸிலிருந்து வந்ததுதான். நிலக்கரியும் பெட்ரோலியமும் பிளாஸ்டிக்கின் தாய்வீடாவதற்கு முன்பே தாவரம் அந்த இடத்தில் இருந்தது. நூற்று அறுபது ஆண்டுகளாக மாறி மாறிப் பதில் சொல்லப்பட்டுவரும் கேள்வி வேறு. அப்படிச் செய்வது கட்டுப்படியாகுமா? ஆனால்தான் என்ன, மண்ணுக்கும் நீருக்கும் அதனால் உண்மையிலேயே நன்மை உண்டா?

இதை மரக்காணத்து உப்பளக் கரையிலிருந்து ஆராய்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கடல், கழிமுகம், உப்பளம். உப்பளத்தை ஒட்டிக் கழுவேலி. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட சதுப்பு நிலம். உள்ளே போனால் கரும்பு வயல்களும் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையும். இன்னும் மேற்கே, இப்போது தனி மாவட்டமாகிவிட்ட கள்ளக்குறிச்சிப் பக்கம், மரவள்ளிக் காடுகளும் ஜவ்வரிசி ஆலைகளும். தாவரப் பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளென்று சொல்லப்படும் சர்க்கரையும் ஸ்டார்ச்சும் ஒரு கோடியில் விளைகின்றன. தப்பிச் சென்ற பிளாஸ்டிக் கடைசியாகப் போய்ச் சேரும் கடலும், அந்தக் கடல்நீரைக் காய்ச்சி உண்ணும் பொருளாக்கும் பாத்திகளும் மறுகோடியில். இந்த விவாதத்தின் எல்லாக் கட்சிகளையும் ஒரே பழைய மாவட்டத்தின் எல்லைக்குள் வைத்துப் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் அதிகமில்லை.

ஒரே பெயரில் நிற்கும் வேறு வேறு பொருள்கள்

விவாதம் தொடக்கத்திலேயே தடுமாறுவது இங்கேதான். ஒரு பிளாஸ்டிக்கின் கரிமம் எங்கிருந்து வந்தது என்பது ஒரு செய்தி. அது கடைசியில் சிதையுமா என்பது அதனோடு தொடர்பில்லாத இன்னொரு செய்தி. முதலாவது பிறப்புச் சான்றிதழ் என்றால், அதைப் படித்து இறப்பைத் தெரிந்துகொள்ள முடியாது.

பிரேசிலின் ட்ரையுன்ஃபோவில் பிராஸ்கெம் நிறுவனம் 2010 முதல் கரும்பு எத்தனாலிலிருந்து பாலிஎத்திலீன் செய்கிறது. மூலக்கூறு அளவில் அது பெட்ரோலிய பாலிஎத்திலீனேதான். கடலில் விழுந்தால் அதே போல நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். மறுபுறம், கடைகளில் ‘மக்கும் பை’ என்று கிடைப்பவற்றில் பெரும்பாலும் முதன்மைக் கூறாக இருப்பது பிபிஏடி என்னும் பாலியெஸ்டர். ஸ்டார்ச்சோ பாலிலாக்டிக் அமிலமோ அதோடு கலக்கப்படுகிறது. பிபிஏடி மக்கக்கூடியது, ஆனால் பெட்ரோலியத்தில் பிறந்தது. தாவரத்தில் பிறந்து மக்கவும் செய்பவை என்று சொல்லத்தக்கவை பிஎல்ஏ எனப்படும் பாலிலாக்டிக் அமிலமும், பாக்டீரியாக்கள் தம் உடலுக்குள் சேமிக்கும் பிஹெச்ஏ குடும்பமும். அவற்றிலும் பிஎல்ஏயின் மக்கல் கடும் நிபந்தனைகளுக்கு உட்பட்டது. ஆகவே ‘தாவரப் பிளாஸ்டிக் நல்லதா’ என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் சொல்லும் எந்தக் கட்டுரையையும் சற்றுச் சந்தேகத்தோடு படிப்பதே நல்லது.

மேட்டூரில் ஒரு பழைய பதில்

தாவரப் பிளாஸ்டிக்கை எதிர்காலத் தொழில்நுட்பமாகப் பேசுபவர்கள் பொதுவாக அமெரிக்காவில் தொடங்குகிறார்கள். ஹென்றி ஃபோர்டு 1941இல் காட்டிய சோயா பிளாஸ்டிக் கார், அதற்கு முன் வாலஸ் கரோதர்ஸின் பாலிலாக்டிக் ஆய்வுகள், 2002இல் நெப்ராஸ்காவின் பிளேரில் மக்காச்சோளத்திலிருந்து பிஎல்ஏ செய்யத் தொடங்கிய பெரிய ஆலை. இந்தியாவில் நடந்த கதை குறைவாகவே நினைவுகூரப்படுகிறது. ஆனால் பொருளாதாரக் கேள்விக்கு அதுதான் அதிக வெளிச்சம் தருகிறது.

1959இல் மேற்கு வங்கத்தின் ரிஷ்ராவில், பிரிட்டிஷ் இரசாயன நிறுவனமான ஐசிஐ சார்ந்த அல்கலி அண்ட் கெமிக்கல் கார்ப்பரேஷன் ஆல்கஹாலிலிருந்து எத்திலீன் பிரித்துப் பாலித்தீன் செய்யத் தொடங்கியது. 1960களில் பரேலியில் சிந்தெடிக்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆல்கஹாலிலிருந்து செயற்கை ரப்பர் செய்தது. 1967இல் மேட்டூரில் எழுந்த கெம்பிளாஸ்ட் ஆலை ஆல்கஹால் வழியாகப் பிவிசி தயாரித்தது.

மேட்டூர்க் கதை உப்பளக் கரைக்கு நெருக்கமானது. பிவிசியின் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு குளோரின். அந்தக் குளோரின் சமையல் உப்பை மின்னாற்பகுப்பு செய்து கிடைப்பது. மீதி எத்திலீனிலிருந்து வருவது. ஆக, ஆல்கஹால் வழிப் பிவிசி என்பது ஏறக்குறைய முழுவதும் உப்பளத்திலும் கரும்பு வயலிலும் பிறந்த பிளாஸ்டிக். இன்றைய விளம்பர மொழியில் அதை ‘நூறு சதம் பெட்ரோலியமற்றது’ என்று எழுதியிருப்பார்கள். அன்று யாரும் எழுதவில்லை, ஏனென்றால் அது சுற்றுச்சூழலுக்காகச் செய்யப்பட்டதல்ல. நாட்டில் பெட்ரோலிய எத்திலீன் போதவில்லை, அந்நியச் செலாவணியும் இல்லை. சர்க்கரை ஆலைகளிலோ என்ன செய்வதென்று தெரியாத அளவுக்கு, ஆல்கஹாலுக்கு மூலப்பொருளான மொலாசஸ் என்னும் கழிவுப்பாகு தேங்கிக் கிடந்தது, அதன் விலையையும் அரசு கட்டுக்குள் வைத்திருந்தது. அந்தப் பிவிசி தாவரத்தில் பிறந்ததால் எந்த விதத்திலும் மென்மையானதாகிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வினைல் குளோரைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள், அது எந்த வழியில் வந்தாலும்.

பிறகு என்ன நடந்தது? 1978இல் வடோதராவில், பெட்ரோலிய நாப்தாவிலிருந்து எத்திலீன் எடுக்கும் ஆலை பொதுத்துறை நிறுவனமான ஐபிசிஎல்லால் வந்தது. பெட்ரோலிய எத்திலீன் மலிந்தது. 1993இல் மொலாசஸ் மீதான விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. சாராய ஆலைகள் கொடுக்கக்கூடிய விலையை இரசாயன ஆலைகளால் கொடுக்க முடியவில்லை. இந்தக் கரையிலேயே, கடலூரில் 2009இல் தொடங்கிய பெரிய பிவிசி ஆலை கப்பலில் வரும் வினைல் குளோரைடை வைத்து ஓடுகிறது. உத்தராகண்டின் காசிப்பூரில் இந்தியா கிளைக்கால்ஸ் போன்ற ஒருசில இடங்களில்தான் மொலாசஸ் வழி இரசாயனம் தாக்குப்பிடித்தது.

தொழில்நுட்பம் தோற்று மூடிய கதையல்ல இது. ஆல்கஹாலின் விலையை நிர்ணயித்த அரசுக் கொள்கை மாறியதும் கணக்கு மாறிவிட்டது. இன்றைய விவாதத்தில் இந்தப் பாடம் போதிய அளவு எண்ணப்படவில்லை என்று தோன்றுகிறது.

கட்டுப்படியாகுமா?

வேதியியல் தரும் எல்லைகளை முதலில் வைத்துக்கொள்ளலாம். அவற்றை எந்த மானியமும் மாற்றாது. ஒரு கிலோ குளுக்கோஸிலிருந்து கோட்பாட்டளவில் அதிகபட்சம் 800 கிராம் பிஎல்ஏ கிடைக்கும். அதே ஒரு கிலோவை எத்தனாலாக்கி, எத்திலீனாக்கி, பாலிஎத்திலீனாக்கினால் அதிகபட்சம் 310 கிராம்தான். சர்க்கரையில் உள்ள ஆக்சிஜனையும் கரிமத்தில் மூன்றிலொரு பங்கையும் வழியிலேயே இழக்க வேண்டியிருப்பதால் வரும் சேதாரம் அது. பிஹெச்ஏ என்றால் குளுக்கோஸின் எடையில் ஏறத்தாழ பாதி.

இதை ரூபாயில் பார்ப்போம். ஒரு கிலோ எத்திலீனுக்குக் குறைந்தது 2.08 லிட்டர் எத்தனால் தேவை. பெட்ரோலில் கலப்பதற்காக மத்திய அரசு 2025 ஜனவரியில் சி-வகை மொலாசஸ் எத்தனாலுக்கு நிர்ணயித்த விலை லிட்டருக்கு 57.97 ரூபாய். இதன்படி எத்தனால் செலவு மட்டுமே கிலோவுக்கு 120 ரூபாயைத் தாண்டுகிறது. இந்தியச் சந்தையில் சாதாரண பாலிஎத்திலீன் குருணை விற்பது பொதுவாக நூறு ரூபாயைச் சுற்றியே. மூலப்பொருளின் விலையே முடிந்த பொருளின் விலையை விஞ்சுகிறது. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் என்ற இலக்கு எட்டப்பட்ட பிறகு எத்தனாலுக்கு உறுதியான வாங்குபவராக எண்ணெய் நிறுவனங்கள் நிற்கின்றன. பிளாஸ்டிக் ஆலை அவற்றோடு போட்டியிட வேண்டும். ஒரு காலத்தில் மதுக்கடை இருந்த இடத்தில் இன்று பெட்ரோல் பங்க்.

சட்டமும் இதற்குள் நுழைகிறது. தொழிற்சாலை ஆல்கஹால் மீது மாநிலங்களுக்கு அதிகாரமில்லை என்று 1989இல் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்த வழக்கை நடத்தியது வேறு யாருமல்ல, பரேலியின் அதே சிந்தெடிக்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ். 2024 அக்டோபரில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பைப் புரட்டி, மாநிலங்களின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டது. ஆல்கஹால் வழிப் பிளாஸ்டிக்கின் விலையில் இனி மாநில வரி என்ற மாறியும் சேரக்கூடும்.

பிஎல்ஏ இந்தச் சிக்கலிலிருந்து ஓரளவு தப்புகிறது. சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுவதில் சேதாரம் குறைவு. உத்தரப் பிரதேசத்தின் கும்பியில் பல்ராம்பூர் சீனி ஆலை ஏறத்தாழ 2,850 கோடி ரூபாய் முதலீட்டில் ஆண்டுக்கு 80,000 டன் திறனுள்ள பிஎல்ஏ ஆலை அமைப்பது இந்த நம்பிக்கையில்தான். அம்மாநில அரசு உயிரிப் பிளாஸ்டிக்குக்கென்றே மூலதன மானியத்துடன் தனிக் கொள்கை வகுத்த பிறகுதான் இந்தக் கணக்கு நிமிர்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சந்தையில் பிஎல்ஏயின் விலை சாதாரண பிளாஸ்டிக்கைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை இருந்துவருகிறது.

பிஹெச்ஏயின் வரலாறு இன்னும் கசப்பானது. 1926இல் பாஸ்டர் நிறுவனத்தில் மொரிஸ் லெமுவான் கண்டறிந்த பொருள் அது. 1990இல் ஐசிஐ அதில் ஷாம்பு பாட்டில் செய்து ஜெர்மனியில் விற்றது. சில ஆண்டுகளில் விலகிக்கொண்டது. அமெரிக்காவின் கிளின்டனில் 2010இல் 50,000 டன் திறனுடன் திறந்த ஆலை 2012இல் கைவிடப்பட்டது. ஜார்ஜியாவின் டானிமர் நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. ஒவ்வொரு முறையும் பொருள் வேலை செய்தது, விலைதான் வேலை செய்யவில்லை.

உலகில் ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல் பிளாஸ்டிக் உற்பத்தியாகிறது. உயிரிப் பிளாஸ்டிக் என்ற தலைப்பில் வரும் அனைத்தையும் சேர்த்தாலும் 2024இன் உற்பத்தித் திறன் அதில் ஏறத்தாழ அரை விழுக்காடு.

கரிமக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும்

தாவரப் பிளாஸ்டிக்குக்கு ஆதரவான வலுவான வாதம் கரிமம். ஒரு கிலோ பாலிஎத்திலீனை எரித்தால் 3.14 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். கரும்பிலிருந்து வந்ததானால் அந்த 3.14 கிலோவும் சற்று முன் காற்றிலிருந்து பயிர் எடுத்துக்கொண்டதுதான். புதிதாக எதுவும் சேரவில்லை. எரிக்காமல் குழாயாகவோ தொட்டியாகவோ முப்பது ஆண்டு நின்றால் அந்தக் காலம்வரை கரிமம் பூட்டிவைக்கப்பட்டது என்றுகூடச் சொல்லலாம். இதன்படி, மக்காத தாவரப் பிளாஸ்டிக்தான் கரிமக் கணக்கில் மேலானது. இந்த முரணைப் பொதுவெளியில் பேசுபவர்கள் குறைவு.

வாதத்தின் பலவீனம் வயலில் இருக்கிறது. உரம், டீசல், பாசனப் பம்பு ஆகியவற்றின் உமிழ்வுகள் கழிக்கப்பட வேண்டும். ஏற்கெனவே உணவு விளைந்த நிலத்தை எடுத்துக்கொண்டால் அந்த உணவு வேறெங்கோ காட்டை அழித்து விளையும் என்பதை உயிரி எரிபொருள் தொடர்பாக 2008இல் திமோத்தி சர்ச்சிங்கர் குழு ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. அதன் அளவு பற்றி இன்றுவரை இணக்கமில்லை, திசை பற்றி மறுப்பு குறைவு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் பன்னிரண்டு வகைப் பிளாஸ்டிக்குகளை ஒப்பிட்டபோது, பசுமை வடிவமைப்புக் கொள்கைகளின்படி முன்வரிசையில் நின்ற தாவர வகைகள், வாழ்க்கைச் சுழற்சிக் கணக்கில் நடுவரிசைக்கு இறங்கின. காரணம் உரமும் பூச்சிக்கொல்லியும்.

தமிழகத்தில் இதைவிடக் கூர்மையான கேள்வி தண்ணீர். எத்தனால் கலப்புக்கான வழிகாட்டி அறிக்கையில் நிதி ஆயோக் கொடுத்த கணக்கின்படி, சர்க்கரையிலிருந்து ஒரு லிட்டர் எத்தனாலுக்கு ஏறத்தாழ 2,860 லிட்டர் நீர். அதைக் கொண்டு பெருக்கினால் ஒரு கிலோ கரும்புப் பாலிஎத்திலீனுக்கு ஆறாயிரம் லிட்டரை நெருங்குகிறது. மொலாசஸ் துணைப்பொருள்தானே, அதன் பங்குக்கு நீரைக் குறைத்து எழுதலாம் என்ற எதிர்வாதம் நியாயமானதே. ஆனால் மொலாசஸுக்கு நல்ல விலை கிடைத்த பிறகு அதைத் துணைப்பொருள் என்று எவ்வளவு காலம் அழைப்பது? புதுச்சேரி–விழுப்புரம் கடற்கரையில் நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்டு உப்புநீர் உள்ளேறுவது பல காலமாகப் பேசப்படும் பிரச்சினை. அந்த நீரை இறைத்துக் கரும்பு விளைவித்து அதைப் பையாக்குவதைப் பசுமை என்பது கடினம்.

அளவையும் பார்க்க வேண்டும். இந்தியாவின் ஆண்டுப் பிளாஸ்டிக் பயன்பாடு இரண்டு கோடி டன்னைத் தாண்டியதாக மதிப்பிடப்படுகிறது. அதில் பாதியை மட்டும் கரும்புப் பாலிஎத்திலீனாக மாற்ற, கோட்பாட்டு விளைச்சலிலேயே, மூன்று கோடி டன்னுக்கு மேல் சர்க்கரை வேண்டும். அது நாட்டின் ஓராண்டு உற்பத்தி முழுவதற்கும் சமம். எனவே, கரும்புச்சக்கை, ஜவ்வரிசி ஆலைத் திப்பி போன்ற கழிவுகளை மூலப்பொருளாக்கும் திட்டங்களே நீண்டகாலத்தில் நிற்கக்கூடியவை என்ற நிலைப்பாடு இப்போது வலுப்பெற்றுவருகிறது. ஆலைகள் சக்கையை ஏற்கெனவே எரித்து மின்சாரம் எடுக்கின்றன என்பதால் இதுவும் இலவசமல்ல.

எங்கே மக்கும், எத்தனை நாளில்

‘கம்போஸ்டபிள்’ என்ற சான்றுக்கு அடிப்படையான ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 தரம், தொழில்முறை உரக்கூடத்தின் 58 டிகிரி வெப்பத்தில், 180 நாளுக்குள் 90 விழுக்காடு கரிமம் கார்பன் டை ஆக்சைடாக வேண்டும் என்கிறது. பிஎல்ஏ இளகத் தொடங்குவதே 55–60 டிகிரியில்தான். அதற்குக் கீழே நுண்ணுயிர்களால் அதை எளிதில் தொட முடிவதில்லை. பேரூராட்சிகளின் நுண்ணுர மையங்களில் அந்த வெப்பம் சில நாள் எட்டப்படலாம், வாரக்கணக்கில் நிலைப்பது வேறு விஷயம். குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் மக்கினால் வெளிவருவது மீத்தேன்.

சோதனைகள் தரும் படம் கலவையானது. பிளிமத் பல்கலைக்கழகத்தின் இமோஜென் நாப்பரும் ரிச்சர்ட் தாம்சனும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ‘உயிரிச்சிதைவு’ என்று அச்சிட்ட பை மூன்றாண்டு மண்ணிலும் கடலிலும் கிடந்த பிறகும் கடைச் சாமான்களைத் தாங்கியது. ‘கம்போஸ்டபிள்’ பை கடலில் மூன்று மாதத்தில் மறைந்தது, மண்ணிலோ 27 மாதம் கழித்தும் இருந்தது. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் பிஎல்ஏ இழை 428 நாள் கடல்நீரில் மாற்றமின்றிக் கிடந்ததாக 2023இல் பதிவானது. பிஹெச்ஏ கடலிலும் சிதைகிறது என்பதில் ஒப்புதல் அதிகம். ஆனால் 2019இல் வந்த ஒரு தொகுப்பாய்வின் கணிப்பில், பிஹெச்ஏ தண்ணீர் பாட்டில் கரைய ஒன்றரை முதல் மூன்றரை ஆண்டு ஆகும். ஆமைக்கோ மீனுக்கோ அது போதுமான கால அவகாசம்.

சட்டம் இந்த நுணுக்கங்களைத் தாமதமாகவே எட்டிப்பிடிக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் பதினான்கு வகை ஒருமுறைப் பிளாஸ்டிக்கைத் தடை செய்த தமிழக அரசாணை, 17088 தரச் சான்றுள்ள மக்கும் பைகளுக்கு விலக்கு அளித்தது. 2022 ஜூலை 1 முதலான மத்தியத் தடையும் அப்படியே. உரக்கூடத்தில் மக்கும் என்ற சான்று, உரக்கூடமே இல்லாத ஊரிலும் செல்லுபடியாகும் அனுமதிச் சீட்டாகிவிட்டது. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின் 2024 மார்ச் திருத்தம்தான் உயிரிச்சிதைவுப் பிளாஸ்டிக் மண், குப்பைமேடு போன்ற குறிப்பிட்ட சூழலில் சிதைய வேண்டும், நுண்நெகிழி எதையும் விட்டுவைக்கக் கூடாது என்று வரையறுத்தது. திசை சரி. அதை எந்த ஆய்வகம், எவ்வளவு நாள், யார் செலவில் சரிபார்ப்பது என்பதில் சிக்கல் தொடர்கிறது.

உப்பு வைக்கும் சோதனை

ஒரு கிலோ சோடியம் குளோரைடு எடுக்க ஏறத்தாழ 37 லிட்டர் கடல்நீர் வற்ற வேண்டும். வற்றுவது நீர் மட்டும். அந்த நீரில் மிதந்த துகள், வடிகட்டப்படாவிட்டால், பாத்தியிலேயே தங்கும். உப்பளம் தானறியாமலே கடலின் பிளாஸ்டிக்கைச் செறிவாக்கித் தரும் கருவியாகிறது. இந்திய உப்பில் நுண்நெகிழி இருப்பதை மும்பை ஐஐடி 2018இல் பதிவு செய்தது. எளிய மணல் வடிகட்டலால் கடல்நீரிலேயே எடையளவில் 85 விழுக்காட்டுக்கு மேல் நீக்கலாம் என்றும் காட்டியது. தூத்துக்குடி உப்பளங்களில் தனி ஆய்வுகள் நடந்துள்ளன. டாக்சிக்ஸ் லிங்க் என்ற அமைப்பு 2024இல் சோதித்த பத்து வகை உப்பிலும் கிலோவுக்கு 6.71 முதல் 89.15 துகள் வரை இருந்தது. இந்த எண்களை மரக்காணத்து உப்பின் மேல் அப்படியே ஏற்றிவிடக் கூடாது. முறைகள் வேறு, எண்ணும் துகள் அளவுகளும் வேறு.

இங்கே தாவரத்தில் பிறந்த பாலிஎத்திலீனால் ஒரு பயனும் இல்லை. அதன் துகளும் துகளே. மக்கும் வகைக்குத்தான் வாய்ப்பு. ஆனால் கடல்நீருக்கான சிதைவுச் சோதனைகள் சாதாரணக் கடல்நீரின் உப்பளவை வைத்து வகுக்கப்பட்டவை. அதைப் போல ஏழெட்டு மடங்கு செறிவுள்ள பாத்தி நீரில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டமே வேறு. கடலில் மூன்று மாதத்தில் மறைந்த பை பாத்தியிலும் அப்படி மறையும் என்று கொள்ள ஆதாரம் போதாது.

உப்பைக் கட்டும் பொதியைப் பார்த்தால் சிக்கல் திரும்பிவிடுகிறது. உப்பு ஏறத்தாழ 75 விழுக்காடு ஈரப்பதத்துக்கு மேல் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியும். இந்தக் கரையில் பெரும்பாலான விடியற்காலைகள் அந்த அளவைத் தாண்டுகின்றன. நேரடி உணவுக்கான உப்பு அயோடின் கலந்துதான் விற்கப்பட வேண்டும் என்ற 2006ஆம் ஆண்டு விதி, ஈரம் புகாத பொதியை மறைமுகமாகக் கட்டாயமாக்கியது. சணல் சாக்கில் அயோடின் தங்குவதில்லை. ஸ்டார்ச் படலம் ஈரத்தைக் குடிக்கும், பிஎல்ஏ ஈரத்தைத் தடுப்பதில் பாலிஎத்திலீனுக்குப் பக்கத்தில் நிற்காது. உப்புப் பொட்டலத்துக்கு எளிதில் பொருந்தக்கூடிய தாவரப் பிளாஸ்டிக், மக்காத கரும்புப் பாலிஎத்திலீன். அதே கரையில் மீனவக் குப்பங்களின் வலைக்கு வேண்டியது நேர்மாறானது: தொலைந்தால் சிதைய வேண்டும். தென்கொரியாவில் 2007 முதல் சிதையும் வலைகள் பயன்பாட்டில் உள்ளன; நார்வேச் சோதனைகளில் அவற்றின் மீன்பிடிப்பு நைலானைவிடக் குறைந்தது. அந்த இழப்பை யார் ஈடுசெய்வது என்று சொல்லாத திட்டம் எந்தக் குப்பத்திலும் எடுபடாது.

பாத்திக்குள் ஒரு பிளாஸ்டிக் உயிரி

உப்பளம் பிளாஸ்டிக்கைப் பெறும் இடம் மட்டுமல்ல, செய்யவும் கூடிய இடம். கோடையில் பாத்தி நீர் இளஞ்சிவப்பாவதற்குக் காரணமான உப்புவிரும்பி ஆர்க்கியாக்களில் சில, உணவு மிஞ்சும்போது அதைப் பிஹெச்ஏ மணிகளாக உடலுக்குள் சேர்க்கின்றன. ஸ்பெயினின் சாந்தா போலா உப்பளத்துக் குளங்களிலிருந்து 1980களில் பிரித்தெடுக்கப்பட்ட ஹாலோஃபெராக்ஸ் மெடிட்டெரேனி இதில் பெயர் பெற்றது. பிலானி பிட்ஸின் கோவா வளாக ஆய்வாளர்கள் தமிழக, கோவா உப்பளங்களில் தேடியபோது, மரக்காணத்திலிருந்து ஹாலோஜியோமெட்ரிகம் போரின்குவென்ஸ் என்ற இனத்தின் ஒரு வகையைப் பிரித்தனர். கரும்புச்சக்கையைச் சிதைத்த சாற்றில் வளர்த்தபோது அதன் உலர் எடையில் ஏறத்தாழ பாதி பிஹெச்ஏயாக இருந்தது என்று 2017இல் பதிவிட்டனர். மரவள்ளிக் கழிவிலும் அதே குழு சோதித்தது.

பொருளாதார ரீதியில் இதன் கவர்ச்சி எளிது. பிஹெச்ஏயின் விலையை ஏற்றுவது சர்க்கரையும், தொட்டிகளைக் கிருமிநீக்கம் செய்யும் நீராவியும், செல்லை உடைத்துப் பிளாஸ்டிக்கைப் பிரிக்கும் கரைப்பானும். இருபது விழுக்காடு உப்பில் வேறு கிருமி வளராது, எனவே நீராவிச் செலவு குறையும். இந்தச் செல்களை நன்னீரில் போட்டால் தாமாகவே வெடித்துவிடும், எனவே கரைப்பானும் குறையும். பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் குவோ-சியாங் சென் குழு ஹாலோமோனாஸ் பாக்டீரியாவை வைத்து இந்தத் தர்க்கத்தைத் தொழில் அளவுக்குக் கொண்டுபோக முயன்றுவருகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆர்க்கியாக்கள் மெதுவாக வளர்பவை. அடர்ந்த உப்புநீர் துருப்பிடிக்காத எஃகையும் அரிக்கும். பயன்படுத்திய உப்புநீரை எங்கே விடுவது என்பது கழுவேலி போன்ற ராம்சார் நிலத்தின் அருகில் சாதாரணக் கேள்வியல்ல. உப்பளத்து உயிரியைப் பயன்படுத்த உப்பளத்திலேயே ஆலை வைக்க வேண்டியதில்லை என்பதுதான் ஆறுதல். ஆய்வகக் குடுவையில் கிடைத்த ஐம்பது விழுக்காடு டன் கணக்கில் நிற்குமா என்பதற்கு கிளின்டன் ஆலையின் வரலாறு நல்ல எச்சரிக்கை.

மாற்றவே வேண்டாம் என்னும் கட்சி

2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம், தாவரப் பிளாஸ்டிக் விவாதத்தையே தாண்டிச் செல்லும் பதில். எந்தப் பொருளால் ஆனாலும் ஒருமுறைப் பை வேண்டாம் என்கிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைத் தடையை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததும் இந்தப் போக்குக்கு வலு. பைக்கும் குவளைக்கும் இது பொருந்துகிறது. உப்புச் சாக்குக்கும் மீன்வலைக்கும் குழாய்க்கும் பொருந்தவில்லை. அங்கே ஏதோ ஒரு பாலிமர் இல்லாமல் தீராது.

தீராதவை

கையிலுள்ள ஆதாரங்களை வைத்துச் சொல்லக்கூடியது இவ்வளவு: திரட்டித் திரும்பப் பெறத்தக்க, நீண்டகாலம் உழைக்கும் பொருள்களுக்கு மக்காத தாவரப் பிளாஸ்டிக்கைப் பற்றிக் கரிம அடிப்படையில் வாதாடலாம். எப்படியும் கடலுக்கோ மண்ணுக்கோ தவறிப்போகும் வலை, இழை, தழைக்கூளப் படலம் போன்றவற்றுக்குப் பிஹெச்ஏ போன்றவற்றைப் பற்றி வாதாடலாம். இவ்விரண்டுக்கும் இடையில் இன்று அதிகம் விற்கும் மக்கும் கேரி பேக்தான் மிகப் பலவீனமான நிலையில் நிற்கிறது.

விலைக் கேள்விக்கு விடை ஆய்வகத்தில் இல்லை. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டைத் தாண்டிப் போகுமா, தொழிற்சாலை ஆல்கஹால் மீது மாநிலங்கள் எவ்வளவு வரி வைக்கும், கழிவுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் விதியில் சாதாரண பிளாஸ்டிக்கின் மேல் விழும் கட்டணம் அதன் உண்மையான சேதத்தை எட்டுமா என்பவற்றைப் பொறுத்தது அது. உப்பளச் செறிவில் சிதைவை அளக்கும் தரம் வகுக்கப்படாதவரை, உப்பு விளையும் கரைகளுக்கு எந்தச் சான்றும் பாதிப் பயன்தான். மரக்காணத்துப் பாத்தியிலிருந்து எடுத்த உயிரி ஒருநாள் தொழிலாகுமானால், 2002ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டத்தின்படி பயன்பகிர்வு என்ற கடமையும் எழும். பாத்தி அரசுடையதா, குத்தகைதாரருடையதா, அதில் உப்பு வாரும் தொழிலாளருக்கு அந்தப் பங்கில் இடமுண்டா என்பவை, சென்னையில் இயங்கும் தேசிய உயிரினப் பன்மை ஆணையத்தின் முன் அப்போது வரக்கூடிய கேள்விகள்.